வண்ண ஏடு காட்டாத வாயில்

லாஸ் வேகஸ்! அமெரிக்க நாட்டு நெவாடா மாநிலத்தின் பாலை மணலிலே, 1931-இல் சூதாட்டத்துக்குச் சட்டம் இசைவு தந்த பின்னர்ப் பளபளக்கத் தொடங்கிய பட்டினம். 1950-களில் பயணிகளை அழைக்க அந்நகருக்காக அச்சிட்ட விளம்பர ஏடுகளை இன்று தேடித் தேடிச் சேர்க்கின்றனர். அன்று இலவசம்; இன்று விலை! ஊதா வானம், உருகி வழியும் நியான் ஒளி, நீலக் குளம், குளக்கரையிலே கவலையறியாக் கன்னியர். பார்ப்பவர் பெருமூச்செறிகின்றனர்: "ஆகா, அதுவன்றோ காலம்!"

நாமும் புரட்டினோம். மயங்கினோம் என்பதை மறைப்பானேன்?

காணாத ஊருக்காக, வாழாத காலத்துக்காக ஏங்குவது குற்றமா? "வெறும் படந்தானே, ரசித்தால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. ரசிக்கலாம், தோழர்களே! வரைந்தவனின் கைத்திறன் பொய்யன்று. ஆனால் "அது நல்ல காலம்" என்று நா நவிலும் அந்த நொடியில், ரசனை முடிந்து தீர்ப்புத் தொடங்கிவிடுகிறது. தீர்ப்பென்றால் சாட்சி வேண்டாமா?

ஏட்டிலே வென்றவனின் சிரிப்பு உண்டு, கணக்கு இல்லை. அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் குழிகள் 38. ஓர் எண்ணில் வைத்து வென்றவனுக்குத் தருவதோ ஒன்றுக்கு 35. வைக்கும் 100 டாலரில் சராசரி ஐந்துக்கு மேல் மேசைக்காரனுக்கே! சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கிய வள்ளுவருக்கு இது புதுச் செய்தியாக இராது. போகட்டும், தெரிந்தே தோற்கிறான் என்று விட்டுவிடுவோம்.

வாயிற்படியை எப்படி விடுவது? சாமி டேவிஸ் ஜூனியர் பாடினார், ஆடினார், அரங்கம் அதிர்ந்தது. நாட் கிங் கோல் பாடினார், உள்ளங்கள் உருகின. ஆட்டம் முடிந்ததும்? குரலுக்குக் கைதட்டல் உண்டு, குரலுக்குரியவனுக்கு அறை கிடையாது! கறுப்பர் அந்த மாளிகைகளிலே படுக்கை விரிக்கலாம், பாத்திரம் துலக்கலாம். படுக்க முடியாது, பந்தியில் அமர முடியாது. இரவோடு இரவாக அவர்கள் திரும்ப வேண்டிய இடம், 'வெஸ்ட்சைட்' என்னும் புழுதித் தெருக்கள் நிறைந்த ஒதுக்குப்புறம். 1955 மே மாதம் 'மூலான் ரூஜ்' என்ற விடுதி, எந்த நிறத்தாரும் வரலாம் என்று கதவைத் திறந்தது. ஆண்டு முடியுமுன் மூடப்பட்டது. கதவைத் திறந்து வைத்தது கனிந்த உள்ளமா? இல்லை. 1960 மார்ச்சில், ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பல் மருத்துவர், கறுப்பரின் உரிமைச் சங்கத் தலைவர், "தெருவில் இறங்கி அணிவகுப்போம்" என்றார். வண்ண ஏட்டின் பெயர் கெடுமே, வருவோர் தொகை குறையுமே! விடுதிக்காரர்கள் இணங்கினர். நாணயத்துக்கு நாணாதவர்கள், நட்டத்துக்கு நாணினர்.

இன்னும் ஒரு காட்சி. நகருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால், 1951 சனவரி முதல் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தனர். வானில் எழுந்த காளான் முகிலையும் கேளிக்கையாக்கினர்! எந்த நேரத்தில் வெடிக்கும், எங்கே நின்று காணலாம் என்று நகரின் வணிகக் கழகம் பயணிகளுக்கு வழிகாட்டியது. மாடத்திலே நின்று மதுக்கிண்ணத்தோடு பார்த்தனர். காற்று கிழக்கே வீசியபோது அந்தச் சாம்பல் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூர் மீது இறங்கியது. 1953 மே மாதத்தில் ஒருநாள், அவ்வூராரை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். 1990-இல் அமெரிக்கப் பேரவை சட்டமியற்றி, மன்னிப்புக் கோரி, அந்தப் பகுதிகளில் வாழ்ந்து புற்றுநோய்க்கு ஆளானவர்க்கு 50,000 டாலர் என்று விலை குறித்தது.

வெஸ்ட்சைட் பாட்டியின் பேரனிடம், செயின்ட் ஜார்ஜில் தாயைப் பறிகொடுத்த மகனிடம் இதே ஏட்டை நீட்டுங்கள். அவர்களும் "அதுவன்றோ காலம்" என்றே சொல்லக்கூடும். குரல்தான் வேறாக இருக்கும்.

ஏட்டைக் கிழித்தெறியச் சொல்கிறோமா? இல்லை, நம் மேசை மேலேயே கிடக்கிறது. அந்த ஊதா வானம், உண்மையைச் சொன்னால், இப்போதும் நமக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.