கொடையும் கடப்பாடும்

நன்றியறிதலை அறங்களுள் ஒன்றாகப் போற்றுவது நமது மரபு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வாறாயின், தேர்தலில் நிற்கும் ஒருவனுக்குச் செல்வர் ஒருவர் பெருந்தொகையை மனமுவந்து அளிக்க, வென்றபின் அவன் அதனை நினைவிற் கொண்டு நடப்பின், அது அறமா, பிழையா? தேர்தல் நன்கொடைக்குச் சட்டம் உச்சவரம்பு விதிக்கலாமா என்னும் வினா சட்ட வல்லுநருக்கே உரியதுபோலத் தோன்றினும், அடிப்படையில் இவ்வறவியல் வினாவையே சார்ந்து நிற்கின்றது.

இது மிக விரிவாக வழக்காடப்பட்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. 1972 ஆம் ஆண்டுத் தேர்தலில், காப்புறுதி வணிகரான கிளெமென்ற் ஸ்ரோன் தனியொருவராக நிக்சனுக்கு 20 இலட்சம் டொலருக்கு மேல் வழங்கினார். வோட்டர்கேற் ஊழல் வெளிப்பட்டபின், 1974 இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டொலருக்கு மேல் வழங்கலாகாது என விதித்தது. வேட்பாளரின் செலவுக்கும் எல்லை வகுத்தது. 1976 சனவரியில், பக்லி எதிர் வலேயோ வழக்கில், உயர் நீதிமன்றம் நன்கொடை வரம்பை ஏற்றுச் செலவு வரம்பைத் தள்ளியது. பெருங்கொடை ஊழலுக்கும் ஊழல் பற்றிய ஐயத்துக்கும் இடந்தரும். செலவிடுதலோ பேச்சுரிமையின் பாற்பட்டது என்பது அதன் பகுப்பு. சிலரது குரல் ஓங்குதற்பொருட்டு வேறு சிலரது குரலைத் தாழ்த்துதல் அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்றும் அது கூறியது.

அவ்வழக்கின் வழக்காளிகளுள் இருவரை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர், வியற்நாம் போரை எதிர்த்து 1968 இல் தம் கட்சியின் சனாதிபதியான ஜோன்சனையே எதிர்த்து நின்ற யூஜீன் மக்கார்த்தி. மற்றவர், அம்முயற்சிக்கு 2 இலட்சம் டொலர் அளவில் வழங்கிய செல்வர் ஸ்ருவேட் மொற். மார்ச் மாதம் நியூ ஹம்ஷயரில் மக்கார்த்தி நூற்றுக்கு 42 வீத வாக்குகளைப் பெற்றார். அம்மாத இறுதியில், தாம் மீண்டும் போட்டியிடுவதில்லை என ஜோன்சன் அறிவித்தார். செல்வர் சிலரின் பெருங்கொடை இன்றி அவ்வெதிர்ப்பு அத்துணை விரைவில் உருப்பெற்றிருக்குமா? நன்கொடை வரம்பை ஆதரிப்போர் (யானும் அவர்களுள் ஒருவன்) இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லல் ஆகாது. மொற் எதனையும் விலைக்கு வாங்கவில்லை. மக்கார்த்தி முன்னரே கொண்டிருந்த கொள்கைக்கே அவர் பொருள் ஈந்தார்.

எனினும், சட்டம் மனத்தினுள் புகுந்து பார்க்க வல்லதன்று. மொற்றுக்குத் திறக்கும் கதவு ஸ்ரோனுக்கும் திறக்கும். இதனினும் ஆழமான காரணம் நன்றியின் இயல்பிலேயே உண்டு. கையூட்டுப் பெறுபவன் தான் செய்வது பிழையென அறிவான். அதனை மறைக்கவும் முயல்வான். நன்றியுடையவனுக்கோ அவனது மனச்சான்றே தரகனாகின்றது. உதவியவர் தொலைபேசியில் அழைக்கும்போது அவன் பேசாதிருப்பது எங்ஙனம்? எனவே, வரம்பு தீயோனைத் தண்டிப்பதற்கன்று, நல்லோனைக் கடனாளியாக்காது காப்பதற்கே பெரிதும் பயன்படுவது.

2014 இல் மக்கச்சன் வழக்கில் உயர் நீதிமன்றம் இவ்வாதத்தை நேரே மறுத்தது. ஒருவர் வேட்பாளர்களுக்கும் கட்சிகளுக்கும் பிற குழுக்களுக்கும் ஈராண்டில் வழங்கத்தக்க மொத்தத் தொகையை 123,200 டொலராகக் கட்டுப்படுத்திய விதி, ஐவர் எதிர் நால்வர் என்ற கணக்கில் நீக்கப்பட்டது. ஆதரித்தோர்பால் வேட்பாளர் கொள்ளும் நன்றியும், அவர்கள் அவரை அணுகப் பெறும் வாய்ப்பும் ஊழல் ஆகா என்பது பிரதம நீதியரசர் றொபேற்ஸின் கருத்து. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வாக்களித்தோருக்கு நன்றி பாராட்டாத பிரதிநிதியை யார் விரும்புவர்? ஆயின், வாக்கு ஆளுக்கொன்று. அதனாற் பிறக்கும் நன்றி பல்லாயிரம் பேர்மீது சமமாகப் பரவி, எவர்க்கும் தனிக்கடனாகத் திரளாது நிற்கின்றது. பெருங்கொடையால் விளையும் நன்றியோ ஒரு சிலர் வாயிலிலே திரள்கின்றது. ஆகவே பிழை நன்றியில் இல்லை. அது பங்கிடப்படும் முறையில் உள்ளது. 1976 இல் நீதிமன்றம் வெளியேற்றிய சமத்துவம் என்னும் கருத்தை மீள அழைத்தாலன்றி நன்கொடை வரம்புக்கு முழுமையான நியாயம் காட்டவியலாது.

சமத்துவத்தை வெளியே நிறுத்தியதன் விளைவும் கண்கூடு. 2010 இல், வேட்பாளருடன் கலந்து செயற்படாத சுயாதீனக் குழுக்களுக்கு வழங்குவதற்கிருந்த வரம்பை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நீக்கியது. 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவர் வேட்பாளருக்கு நேரே வழங்கத்தக்க தொகை, தேர்தல் ஒன்றுக்கு 3,300 டொலர். அதே தேர்தலில் இலோன் மஸ்க் ட்ரம்பையும் அவரது கட்சியினரையும் ஆதரித்து 25 கோடி டொலருக்கு மேல் செலவிட்டார். முன்வாயிலில் படிக்கல்லை வைத்து எடை பார்க்கும் காவலன், பின்வாயிலில் வண்டி வண்டியாக மூட்டை இறங்குவதைக் காணாதிருத்தலை ஒக்கும் இது. கொடை எவ்வழியே வரினும் நன்றி வேட்பாளனிடமே சென்று சேரும்.

மொற்றின் கேள்விக்கு 1974 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பாதி விடை இருந்தது. சனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலில், ஒருவரின் நன்கொடையில் 250 டொலர் வரையான பகுதிக்கு ஈடான தொகையை அரசு தானும் வழங்கும். அதனைப் பெறுதற்கு 20 மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் சிறு நன்கொடைகளாக 5,000 டொலர் திரட்டியிருத்தல் வேண்டும். முன்பின் அறியப்படாத எதிர்ப்பாளன் ஒருவனுக்கு அது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

நம் நாட்டின் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் வேறு வழியிற் சென்றது. அமெரிக்க நீதிமன்றம் தள்ளிய செலவு வரம்பையே அது கைக்கொண்டது. 2024 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் அவ்வரம்பு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்ற கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. பெற்ற நன்கொடைகளையும் செய்த செலவுகளையும் காட்டும் விவரத்திரட்டை, பெறுபேறு வெளியாகி 21 நாள்களுக்குள் ஒப்படைக்குமாறும் அச்சட்டம் பணிக்கின்றது. வென்றவர் எவருக்குக் கடன்பட்டுள்ளார் என்பதை வாக்காளன் அத்திரட்டிலே தேடலாம். ஆனால் அதற்குள் அவனது வாக்கு எண்ணி முடிந்திருக்கும்.