ஆயுதமும் அவகாசமும்

சீடன்: ஐயா, அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791 முதல் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காத்து வருகிறது. அது தனிமனிதரின் உரிமையே என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. எந்தக் குற்றமும் செய்யாதவர் வீட்டிலுள்ள துப்பாக்கிக்கு அரசு எல்லை வகுப்பது என்ன நியாயம்?

குரு: அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியாவே, இவ்வுரிமை எல்லையற்றதல்ல என்று அதில் சொல்லியிருக்கிறார். ஆகவே எல்லை உண்டா என்பதல்ல, எதை வைத்து வகுப்பது என்பதே நம் முன் உள்ள கேள்வி. குற்றம் செய்யாதவர் என்று நீ சொல்லும்போதே மக்களை நல்லவர், தீயவர் என இரண்டாகப் பிரித்துவிடுகிறாய். அமெரிக்காவில் ஆயுதக் கட்டுப்பாட்டை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பெரும்பாலும் இப்படித்தான் வாதிடுகிறார்கள். சாவுக் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அவர்களில் 26,000-க்கும் அதிகமானோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். இவர்களைக் குற்றப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை. நேற்று வரை பொறுப்போடு இருந்தவரின் மனம் இன்றிரவு உடைந்துபோகலாம். ஆயுதத்துக்கான எல்லையை ஆளின் குணத்தை மட்டும் பார்த்து வகுத்தால், அந்த இரவு நம் கணக்கில் வராமலே போய்விடும்.

சீடன்: சாகத் துணிந்தவர் வேறு வழி தேட மாட்டாரா?

குரு: சோதித்துப் பார்த்த இடங்களில் அப்படி நடக்கவில்லை. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் 2006-இல் விதித்தது. இளம் வீரர்களின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 40 விழுக்காடு இறங்கியது. வார நாட்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வழி மாறுவதுதான் இயல்பென்றால் மொத்த எண்ணிக்கை இப்படி இறங்கியிருக்காது. சாகும் எண்ணம் பலருக்கும் நிலையான தீர்மானம் அல்ல, ஏறி இறங்கும் வேதனை. முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியால் முயன்றவர்களிலோ பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதே இல்லை. மனம் மாறுவதற்கு வேண்டிய அவகாசத்தை அந்தக் கருவி தருவதில்லை என்பதே என் வாதத்தின் அடிப்படை.

சீடன்: ஆனால் எல்லை வகுக்கும் அதிகாரத்தை யார் கையில் கொடுப்பது? உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்று மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது. நம் நாட்டில் ஆங்கிலேய வைசிராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் அப்படித்தானே?

குரு: இந்த அச்சத்தை நான் ஒதுக்க மாட்டேன், ஆயுதக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் இதை எளிதாகக் கடந்துபோவது எனக்கு வருத்தமே. அச்சட்டங்கள் மனிதரைப் பிறப்பால் எடைபோட்டன, காலவரையறையும் இல்லை. கனெக்டிகட் மாநிலம் 1999-இல் இயற்றிய சட்டத்தைப் பார். ஒருவரின் துப்பாக்கியைக் கைப்பற்ற, உடனடி ஆபத்து இருப்பதற்கான ஆதாரத்தைக் காவல்துறை நீதிபதியிடம் காட்ட வேண்டும். துப்பாக்கியை எடுத்த 14 நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். 2022 வரை அதிகபட்சம் ஓராண்டே வைத்திருக்க முடிந்தது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடை விதிக்கப்பட்டவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற விதியை 2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது. அங்கும் ஆபத்து நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது, விலக்கும் தற்காலிகமானது.

சீடன்: அந்த 14 நாட்களுக்குள் திருடன் புகுந்தால்?

குரு: அப்படி நடக்கக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் அதே வீட்டின் இன்னொரு ஆபத்தையும் எடைபோட வேண்டும். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வின்படி, கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, இல்லாத ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. இந்த வேறுபாட்டின் முன் 14 நாள் இழப்பு தாங்கக்கூடியதே. அதற்காக நிரந்தரமாகப் பறிப்பதை நான் ஏற்க மாட்டேன். கெடு முடிந்ததும், உரியவர் மனு எழுதி அலையாமலே துப்பாக்கி அவரிடம் திரும்ப வேண்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டியது அரசு.