கையறிவும் கூலியும்

குழாய் ஒழுகினால் ஆள் அழைக்கின்றோம். கதவின் கீல் கழன்றால் ஆள் அழைக்கின்றோம். சட்டைப் பொத்தான் அறுந்தாலும் தையற்காரரைத் தேடுகின்றோம். இதில் தவறென்ன என்று கேட்கலாம். நாம் கொடுக்கும் கூலியால் ஓர் ஏழை வீட்டில் அடுப்பு எரிகின்றது. எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் அவர்தம் பிழைப்பு என்னாவது? இக்கேள்வி எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று.

எல்லாத் தொழிலையும் ஒருவரே கற்றல் இயலாது. தச்சரும் கொத்தனாரும் பல்லாண்டு பயின்று பெற்ற திறனுக்குக் கூலி கொடுப்பது, அத்திறனுக்கு நாம் செய்யும் மரியாதை. மின்கம்பியில் அரைகுறை அறிவோடு கை வைப்பது துணிவன்று, மடமை. எனவே ஆள் வைக்கலாமா என்பதன்று வினா. எந்த மனநிலையோடு வைக்கின்றோம் என்பதே வினா. 'எனக்குத் தெரியாது' என்று ஒருவரை அழைப்பது வேறு. 'இது எனக்குத் தகாது' என்று அழைப்பது வேறு. முன்னது பணிவு, பின்னது செருக்கு. நம் நாட்டில் இச்செருக்கு சாதியில் வேரூன்றி நிற்கின்றது.

1910இல் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். நிலத்தை வழங்கிய காலன்பாக் செல்வமிக்க கட்டடக் கலைஞர். அவர், டிராப்பிஸ்ட் துறவியர் 1882இல் நிறுவிய மரியான்ஹில் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார்; காந்தியடிகள் அவரிடம் கற்று, மற்றவர்க்கும் கற்பித்தார். தமிழரும் வாழ்ந்த அப்பண்ணையில் துப்புரவுப் பணிக்கும் வேலையாள் இல்லை. செருப்பு வாங்கப் பணமில்லாததால் மட்டும் காலன்பாக் அத்தொழிலைக் கற்றார் என்று எவரும் சொல்லார். இழிவென ஒதுக்கப்பட்ட வேலையைக் கையில் எடுத்ததும், அதன்மீது சுமத்தப்பட்ட இழிவு பொய் என்பது விளங்கியது.

கையால் செய்து பார்த்தவருக்கே வேலையின் அருமை தெரியும். ஒரு நாள் மண்வெட்டி பிடித்தவர் மண் வெட்டுபவரிடம் பேரம் பேசத் தயங்குவார். தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதனாலேயே கூலி நீதியானதாகிவிடாது என்று திருத்தந்தை 13ஆம் லியோ 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். வேலையின் மாண்பு அதன் வகையைப் பொறுத்ததன்று, அதைச் செய்யும் மனிதரைப் பொறுத்தது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் விளக்கினார். நாம் கற்கும் சிறு கைத்தொழில் பிறர் பிழைப்பைப் பறிப்பதில்லை. பிறர் உழைப்பை மதிப்பிட நமக்குக் கற்றுத் தருகின்றது.

பணம் கொடுத்தாலும் செய்விக்கக் கூடாத வேலையும் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் நச்சுவாயு தாக்கி இறப்போர் செய்தி நின்றபாடில்லை. எத்தனை பெருந்தொகை கொடுத்தாலும் அது கூலியன்று. ஓர் உயிருக்கு நாம் வைத்த விலை. நம் பிள்ளையை இறக்கத் துணியாத குழியில் பிறர் பிள்ளையை இறக்க நமக்கு உரிமையில்லை.

நற்செய்தி அறிவித்த புனித பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். நம் ஆண்டவரைத் தச்சர் என்றே ஊரார் அறிந்திருந்தனர். நாமோ நம் பிள்ளைகளிடம் 'படிக்காவிட்டால் மூட்டை தூக்கத்தான் போவாய்' என்கின்றோம். அச்சொல்லை மூட்டை தூக்குபவரின் பிள்ளையும் கேட்கின்றது. அதை நிறுத்துவோம். ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளைக்குச் சமைக்கவும், தைக்கவும், தான் பயன்படுத்தும் கழிவறையைத் தானே கழுவவும் கற்றுக்கொடுப்போம். வேலைக்கு வருபவருக்கு வீட்டார் குடிக்கும் குவளையிலேயே தண்ணீர் கொடுத்து, பேசிய கூலியை அன்று மாலையே கொடுப்போம்.