மறைக்காமல் சொன்னவர்கள்

வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மறைத்தால் மருந்து தப்பும், வழக்கு தோற்கும். உடம்புக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் எங்கே வலி, எத்தனை நாளாக என்று சொன்னால் பெரும்பாலும் போதும். மனநலச் சிகிச்சையில் அது போதாது. கணவரிடம் சொல்லாததை, தாயிடம் சொல்லாததை, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் கூசியதை அந்த அறையில் எடுத்து வைத்தாக வேண்டும். இவர் எதற்கு அஞ்சுகிறார், யாருடைய அன்புக்கு ஏங்குகிறார், எதைச் சொன்னால் உடைந்துபோவார் என்பதெல்லாம் எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும். எதிரே இருப்பவரைப் பற்றி நோயாளிக்குத் தெரிந்ததோ சுவரில் மாட்டியிருக்கும் பட்டம் மட்டுமே.

அப்படித் தெரிந்துகொண்டதையே கருவியாக்கி ஒரு சிகிச்சையாளர் தன்னிடம் வந்தவரைப் பாலியல் இச்சைக்குப் பயன்படுத்திக்கொண்டால், பாதிக்கப்பட்டவருக்கு அடுத்துச் சொல்லப்படும் வழி வக்கீல். மறைக்காமல் சொன்னதற்காகவே அடிபட்ட ஒருவரை, முன்பின் தெரியாத இன்னொருவர் முன் அமர்த்தி, மறுபடியும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்கிறோம். அந்த இரண்டாவது நபர் அவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்? சட்டம் என்ன கடமைப்பட்டிருக்கிறது?

இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் எப்படியெல்லாம் திணறியது என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு சாட்சி. ஜூலி ராய் என்ற பெண், தனக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ரெனாட்டஸ் ஹார்டாக்ஸ் மீது வழக்குத் தொடுத்தார். சிகிச்சையின் ஒரு பகுதி என்று சொல்லி அவர் பல மாதங்கள் தன்னுடன் உடலுறவு கொண்டார் என்பது குற்றச்சாட்டு. மருத்துவர் மறுத்தார். 1975-ல் ஜூரி அந்தப் பெண்ணை நம்பியது. 3,50,000 டாலர் இழப்பீடு என்றது. மேல்முறையீட்டின் முடிவில் அது 25,000 டாலராகச் சுருங்கியது.

தொகையைவிட அந்த வழக்கில் எழுந்த வாதங்களே கவனிக்கத்தக்கவை. காதல் காட்டி ஏமாற்றினார் என்று பணம் கேட்டு வழக்குப் போடுவதை நியூயார்க் 1935-லேயே ஒழித்துவிட்டது. இதுவும் அந்த வகை வழக்குதான், ஆகவே செல்லாது என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை. இது காதல் விவகாரமல்ல, சிகிச்சையில் நடந்த தவறு என்றது. ஆனால் மருத்துவர் தன் தொழில்முறைக் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டுப் போனபோது, 1977-ல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது: அவர் செய்தது தன் சொந்த இன்பத்துக்காக, அது சிகிச்சையே அல்ல, ஆகவே காப்பீடு கிடையாது. தவறு செய்தவருக்குக் காப்பீடு துணைபோகக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால், ஒரே செயல் வழக்குத் தொடுக்கும்போது சிகிச்சையாகவும், பணம் தர வேண்டிய நேரத்தில் சிகிச்சை அல்லாததாகவும் ஆகிவிடுகிறது. தீர்ப்பு கையில் இருக்கும். அதைப் பணமாக்கித் தர ஒருவரும் இருக்க மாட்டார்.

இத்தகைய வழக்குகளில் தவறாமல் வரும் கேள்வி, இருவரும் வயது வந்தவர்கள்தானே, அவரும் சம்மதித்தார்தானே என்பது. மனநலத் துறைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிகிச்சையின் போக்கில் நோயாளிக்கு மருத்துவர் மீது எழும் காதலைப் பற்றி பிராய்டு 1915-ல் தனிக் கட்டுரையே எழுதினார். அந்தக் காதலைக் கிளப்பியது சிகிச்சைச் சூழல். மருத்துவர் அதைத் தன் கவர்ச்சிக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணக் கூடாது, இணங்கவும் கூடாது என்பது அவர் நிலை. பெற்றோரிடமோ வேறு நெருங்கியவரிடமோ முன்பு கொண்ட ஏக்கமும் கோபமும் சிகிச்சையாளர் மேல் வந்து இறங்குவதை அத்துறையினர் டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். பயிற்சியின் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம் இது. மயக்க ஊசி போட்டவர், எதிரே படுத்திருப்பவர் மயங்கியிருப்பது தனக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா?

சம்மதத்தைக் காரணம் காட்ட முடியாது என்ற இந்த வாதத்துக்கு எதிராக ஒரு கனமான மறுப்பு உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. மனநோய் உள்ளவரின் சொல்லுக்கு மதிப்பில்லை, அவருக்காக மற்றவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை எதிர்த்துத்தான் கடந்த அரை நூற்றாண்டாக உலகெங்கும் போராட்டம் நடந்தது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் தீயில் மாண்ட மனநோயாளிகளை நினைத்தால், அந்த எண்ணம் எதுவரை கொண்டுபோய் விடும் என்பது விளங்கும். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கும் உரிமையை நோயாளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. மருந்து வேண்டாம் என்று சொல்லும் அறிவு அவருக்கு உண்டு என்று ஏற்கும் நாம், சிகிச்சையாளரிடம் அவர் சொன்ன சம்மதத்தை மட்டும் செல்லாது என்றால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவதாகாதா?

ஆகாது. தவறு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இது தெளியும். வழக்காளியிடம் நீதிபதி பரிசு வாங்கக் கூடாது என்கிறோம். கொடுப்பவருக்குப் புத்தி மட்டு என்பதாலா? அவர் நல்ல அறிவாளியாக, முழு மனத்தோடு கொடுப்பவராகவே இருக்கலாம். வாங்குகிறவர் அமர்ந்திருக்கும் நாற்காலிதான் அதைக் குற்றமாக்குகிறது. சிகிச்சையாளர் விஷயமும் அப்படியே. நோயாளியின் சம்மதத்தை எடைபோடும் வேலையே சட்டத்துக்கு இங்கே வேண்டாம். அவர் விரும்பினாரா, உடன்பட்டாரா, ஏன் திரும்பத் திரும்பப் போனார் என்று துருவுவதை விட்டு, அந்த நாற்காலியில் இருந்தவர் என்ன செய்தார் என்று மட்டும் கேட்டால் போதும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1984-ல் இதைத்தான் செய்தது. சிகிச்சையாளர் நோயாளியுடன் பாலியல் தொடர்பு கொள்வதைக் குற்றமாக்கி, அதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றது. ஜெர்மனி 1998-ல் தன் குற்றவியல் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவைச் சேர்த்தது. நோயாளியின் உடலைப் பாலியலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்ற உறுதி ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழியிலேயே இருக்கிறது. ஆண், பெண், அடிமை எவரானாலும். அறம் முன்பே இருந்தது. சட்டம்தான் பின்னால் வந்தது.

சிகிச்சை முடிந்த பிறகு? அமெரிக்க உளவியலாளர் சங்கம் 1992-ல் குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி என்று விதி வகுத்தது. மனநல மருத்துவர்களின் சங்கமோ முன்னாள் நோயாளியும் நோயாளியே என்றது. இரண்டாவதே சரி. அந்த அறையில் கேட்டது இரண்டு ஆண்டில் மறந்துபோவதில்லை.

இந்தியாவில் நிலைமை என்ன? இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 68-ஆம் பிரிவு, அதிகாரத்திலோ நம்பிக்கைப் பொறுப்பிலோ இருப்பவர் அதைத் தவறாகப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் உள்ள பெண்ணை உடலுறவுக்குத் தூண்டினால், அது பாலியல் வன்புணர்வு என்ற வரையறைக்குள் வராவிட்டாலும், ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்ற சொல் நாம் பேசும் விஷயத்துக்காகவே வைத்தது போலப் பொருந்துகிறது. நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவர் செய்யும் வன்புணர்வு வழக்கில், தான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால் அதையே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார் என்பதும் சட்டமே. ‘பைத்தியம் சொல்வதை நம்பலாமா’ என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது சட்டப்படி நிற்க இடமுண்டு.

ஓட்டைகளும் உண்டு. 68-ஆம் பிரிவு உடலுறவை மட்டுமே பேசுகிறது. மாதக்கணக்கில் நடக்கும் தொடுதலும் அந்தரங்கப் பேச்சும் வேறு பிரிவுகளைத் தேடிப் போக வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தால் அந்தப் பிரிவு அவருக்கு உதவாது. சிகிச்சையாளர் மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சிலில் முறையிடலாம்; நோயாளியுடன் தகாத தொடர்பு வைப்பதை 2002-ஆம் ஆண்டின் தொழில்நெறி விதிகள் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய தவறாக்கியிருக்கின்றன. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இருக்கிறது. கவுன்சலிங் என்று பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவரை யாரிடம் சொல்வது? அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2021-ல் ஒரு சட்டம் வந்தது. பலகை மாட்டிய எல்லோரும் பதிவேட்டுக்குள் வந்துவிடவில்லை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவரின் எந்த உரிமத்தை ரத்து செய்வது?

இவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் முதலில் வக்கீலிடம் வருவதில்லை. வேறொரு சிகிச்சையாளரிடம் போய், பல அமர்வுகளுக்குப் பிறகு, தயங்கித் தயங்கிச் சொல்கிறார். கேட்ட அந்த இரண்டாவது சிகிச்சையாளர் என்ன செய்ய வேண்டும்? சும்மா இருந்தால் அந்த முதல் அறைக்குள் நாளை இன்னொருவர் போவார். உடனே புகார் செய்தால், ரகசியமாக வைப்பேன் என்ற வாக்கு உடைகிறது. அதுவும் வாக்கு உடைக்கப்பட்டதால் நொந்துபோன ஒருவரிடம்.

பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் தயங்க இடமில்லை. போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும், அதுதான் நியாயமும். வயது வந்தவர் விஷயத்தில் விஸ்கான்சின் எடுத்த வழி நேரியது. புகார் செய்ய விருப்பமா என்று சிகிச்சையாளர் நோயாளியைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் விடக் கூடாது. அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே புகார் போகும். அப்போதும் அவர் ஒப்பாமல் அவருடைய அடையாளம் போகாது. கலிபோர்னியாவில், முந்தைய சிகிச்சையாளர் இப்படி நடந்துகொண்டார் என்று நோயாளி சொன்னால், அவருடைய உரிமைகளையும் முறையிடும் வழிகளையும் விளக்கும் அரசுக் கையேடு ஒன்றை அவர் கையில் கொடுப்பது சட்டக் கடமை. இரண்டிலும் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உறுதியாகிறது, முடிவு அவர் கையிலேயே இருக்கிறது. அடுத்து வரப்போகும் நோயாளியின் பாதுகாப்பு இதனால் சற்றே தளர்கிறது என்பது உண்மை. அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்க வேண்டும். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரின் காயத்தை அவர் அனுமதியின்றித் திறந்து காட்டுவது, அந்த முதல் அறையில் நடந்ததன் சாயலையே கொண்டது. அவருக்கு அங்கே பறிபோனதும் தன் விஷயத்தில் தானே முடிவெடுக்கும் உரிமைதான்.

குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கமும் பேச வேண்டும். மூடிய அறையில் நடந்ததற்கு மூன்றாவது சாட்சி இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் தன்னைக் காத்துக்கொள்ளவும் வாய் திறக்க முடியாமல் தவிக்கலாம். ஆகவே விசாரணை வேண்டும், ஆதாரம் வேண்டும். ஆனால் பொய்ப் புகார் வந்துவிடுமோ என்ற அச்சத்தைக் காட்டி எல்லாப் புகாரையும் வாசலிலேயே சந்தேகிப்பது நீதியல்ல. சந்தேகம் தீர்ப்பு சொல்பவருக்கு உரியது. சட்ட உதவி தர அமர்ந்திருப்பவருக்கு அது உரியதல்ல.

இனி வக்கீல் அமர்ந்திருக்கும் அந்த இரண்டாவது நாற்காலி. நல்ல வக்கீலுக்குத் தேதிகள் வேண்டும், செய்திகள் வேண்டும், ரசீதுகள் வேண்டும். கேட்டே ஆக வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில்தான் அறம் இருக்கிறது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லாமல், நிதானமாக எழுதிக் கொண்டுவரச் சொல்லலாம். ஏன் திரும்பப் போனீர்கள் என்ற கேள்வியை எழுப்பாமலே இருக்கலாம். நன்றியும் பயமும், சிகிச்சை நின்றுவிடுமோ என்ற கலக்கமும், தவறு தன்மேல்தானோ என்ற எண்ணமும் அதற்கு விடை. வழக்கென்று போனால் சிகிச்சைக் குறிப்புகளை நீதிமன்றம் கேட்கக்கூடும், அந்தரங்கம் ஓரளவு வெளியே வரும் என்பதைக் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவருடைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கே உண்டு என்பதையும்.

காலக்கெடுவையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள். மருத்துவமனையின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போவதென்றால் மூன்று மாதங்கள், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று. நடந்தது தவறு என்று புரிந்துகொள்ளவே பல ஆண்டுகள் ஆகும் ஒரு காயத்துக்கு மூன்று மாதக் கெடு வைப்பது அநியாயம், மாற்றப்பட வேண்டியது. 68-ஆம் பிரிவின் கீழ் குற்றவியல் புகாருக்கு அத்தகைய கெடு இல்லை என்பது ஆறுதல்.

எல்லாம் கேட்டபின் அவர் வழக்கு வேண்டாம் என்று எழுந்து போகலாம். அதுவும் சட்ட உதவி பெற்றதாகவே கணக்கில் வர வேண்டும். வக்கீலின் வெற்றிக்காக அவர் வழக்காட வேண்டியதில்லை, சமூகத்தின் பாடத்துக்காகவும் வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் விட்டது, கையில் காசில்லாமல் விட்டது என்று ஒன்றும் இருக்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவர் அந்தச் சட்டம் தரும் தன் உரிமைகளுக்காக இலவசச் சட்ட உதவி பெறலாம் என்கிறது. அதை அவரிடம் எடுத்துச் சொல்வது நீதித்துறை நடுவருக்கும் காவல் அதிகாரிக்கும் மனநல மையத்தின் பொறுப்பாளருக்கும் கடமை என்றும் சொல்கிறது. அந்தப் பொறுப்பாளரே குற்றம் செய்தவராக இருந்தால் அவர் சொல்லப் போவதில்லை. ஆகவே மற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்: அடுத்துப் பார்க்கும் மருத்துவர், தோழி, உடன்பிறந்தவர், இதைப் படிப்பவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. நேரில் போகத் தயங்குபவர்கள் அழைக்க வேண்டிய எண் 15100.