ஊக்கு தெரியும் தூரம்

1971இல் சிகாகோவில் ஆர்கானிக் தியேட்டர் என்ற சின்னக் குழு 'வார்ப்' என்று ஒரு நாடகம் போட்டது. ஒரு நாடகம் என்பதுகூடச் சரியில்லை. மூன்று பாகம், தொடர்கதை மாதிரி. நாயகன் டேவிட் கார்சன் வங்கியில் காசாளன். தான் வெறும் காசாளன் இல்லை, பிரபஞ்சத்தைக் காக்க வேண்டிய லார்ட் குமுலஸ் என்று அவனுக்கு ஒருநாள் தெரியவருகிறது. குமுலஸ் என்றால் திரள்மேகம். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு சிரிக்காமல் பிரபஞ்சத்தைக் காப்பாற்றுவது கஷ்டம்தான்.

இயக்கியவர் ஸ்டூவர்ட் கோர்டன்; பிற்பாடு 'ரீ-அனிமேட்டர்' என்ற திகில் படம் எடுத்தவர். அவரோடு சேர்ந்து எழுதிய லென்னி க்ளைன்ஃபெல்ட், பரி செயின்ட் எட்மண்ட் என்று பெயர் போட்டுக்கொண்டார். இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊர்ப்பெயரின் வாலை நறுக்கிய புனைபெயர். முகமூடிக்காரனைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கும் ஒரு முகமூடி வேண்டியிருந்திருக்கிறது.

சூப்பர்ஹீரோவைக் கேலி செய்வது சுலபம். ஜட்டியை வெளியே போட்டவன் என்கிற நகைச்சுவை நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தக் காசாளன். பகலில் அடுத்தவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவன், பிறகு உலகத்தையே தோளில் சுமக்கிறான். எந்தச் சிறு குழுவின் நடிகரும் வாழ்கிற வாழ்க்கைதானே இது? பகலில் ஒரு வேலை, பொழுது சாய்ந்ததும் ஒத்திகை. அரிதாரத்தைத் துடைத்தும் துடைக்காமலும் கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். நேற்றிரவு அவர் ஒரு கிரகத்தைக் காப்பாற்றியது மறுநாள் ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

சின்ன அரங்கில் முன்வரிசைக்காரருக்கு வியர்வை தெரியும். தோளில் மேலங்கியைப் பிடித்திருக்கும் ஊக்கு தெரியும். தெரிந்துகொண்டே, அவன் இரு கையையும் விரித்து ஓடும்போது நம் உடம்பு தானாக முன்னால் சாய்கிறது. சிரிப்பு வருகிறது, தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற பதைப்பும் வருகிறது. பார்க்கிறவரை நம்பவைப்பதுதான் நாடகம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். துளியும் நம்பாதவரை ஒருவன் பக்கம் நிற்க வைப்பது அதைவிடப் பெரிய காரியம்.

1973 பிப்ரவரியில் 'வார்ப்' நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேல் இருக்கைகள் கொண்ட அம்பாசடர் அரங்கம். பேட்மேன் வரைந்த நீல் ஆடம்ஸ் கலை இயக்கம். எட்டே காட்சிகள், மூடிவிட்டார்கள். விமர்சகர்களைக் குறை சொல்லலாம், ஊரைக் குறை சொல்லலாம். நான் தூரத்தைத்தான் சொல்வேன். பின்வரிசைக்கு ஊக்கு தெரியாது. ஊக்கு மறைந்துவிட்டால் அவன் மட்டமான துணி போட்ட ஹீரோ, அவ்வளவுதான். கூட்டாளியாக இருந்த பார்வையாளர் அங்கே வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார்.

பணத்தைக் கொட்டி ஊக்கை மறைக்கவும் பார்த்தார்கள். கடைசியில் சுமார் 7.5 கோடி டாலர் விழுங்கிய 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்' அதே பிராட்வேயில் 2010 நவம்பர் 28 அன்று முதல் முன்னோட்டக் காட்சி கண்டது. முதல் பாதி முடிகிற நேரத்தில் ஸ்பைடர்மேன் பார்வையாளர் தலைக்கு மேலே அந்தரத்தில் மாட்டிக்கொண்டார். பணியாளர்கள் கீழிருந்து அவர் காலை எட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். அரங்கம் சிரித்தது. கடைசி வரிசை வரைக்கும் கயிறு தெரிந்தது.