சேவல் துணை

கொல்லையில் நாலைந்து பெட்டைக் கோழிகள் வளர்க்கிற வீட்டில் எப்படியும் ஒருநாள் ஒரு கேள்வி எழும். கூடவே ஒரு சேவலும் வேண்டுமா, வேண்டாமா? மேலுக்கு இது கோழி வளர்ப்பைப் பற்றிய சில்லறைக் கேள்விதான். ஆனால் குப்பையைக் கிளறினால் ஏதாவது அகப்படும் என்பதைக் கோழியே நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. நாமும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம்.

முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. இது பலருக்கு இன்னமும் ஆச்சரியமாகவே இருக்கிறது. நாமக்கல் பண்ணைகளில் லட்சக்கணக்கான கோழிகள் சேவலின் முகத்தையே பாராமல் முட்டையிடுகின்றன. அந்த முட்டைகளை அடைவைத்தால் 21 நாளும் வீண்; அத்தனையும் கூமுட்டைதான். ஆகவே, முட்டை மட்டும் போதும் என்கிற வீட்டுக்காரருக்குச் சேவல் தண்டத் தீனி. குஞ்சும் வேண்டும் என்பவருக்கு அது அவசியம்.

ஆனால் இவை இரண்டும் வீட்டுக்காரரின் கணக்குகள் அல்லவா? கோழிகளுக்கு அதனால் நன்மை உண்டா என்று கேட்டால்தான் விஷயம் சிக்கலாகிறது.

சேவலின் பக்கத்து வாதத்தை முதலில் கேட்போம். கோழிகள் தலை குனிந்து மேயும்போது சேவல் தலை நிமிர்ந்து நிற்கிறது. வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல் கொடுக்கிறது. தரையில் நாயோ நரியோ வந்தால் வேறொரு குரல். 1993-இல் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குரல்களைப் பதிவு செய்து, எதிரி யாரும் இல்லாத நேரத்தில் கோழிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பருந்துக் குரலைக் கேட்டதும் அவை ஒதுங்கிப் பதுங்கின. தரைக் குரலைக் கேட்டதும் கழுத்தை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தன. காவலனின் பாஷை அவற்றுக்கு அவ்வளவு துல்லியமாகப் புரிகிறது. அதுமட்டுமா? நல்ல இரை கிடைத்தால் தான் விழுங்காமல், கொத்திக் கொத்திக் கீழே போட்டுக் கோழிகளைக் கூப்பிடுகிறது. சேவல் இருக்கும் கூட்டத்தில் கோழிகளுக்குள் நடக்கும் கொத்துச் சண்டையும் குறைகிறது என்று ஸ்வீடனில் கண்டிருக்கிறார்கள். நல்ல குடும்பத் தலைவனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

இனி மறுபக்கம். பக்கத்தில் பெட்டை இருந்தால்தான் சேவல் அதிகமாக எச்சரிக்கிறது. தனியாக இருக்கும்போது பருந்தைக் கண்டாலும் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறது. இரை கண்டதாகக் கூவுவதிலும் சில சமயம் பொய் உண்டு. கோழி தூரத்தில் இருந்தால், கீழே ஒன்றுமே இல்லாமல் விருந்துக் குரல் கொடுத்து வரவழைத்துவிடும். ஒரு சேவலுக்குப் பத்துக் கோழிகள் என்பது பொதுவான கணக்கு. நாலே கோழிகள் இருந்தால் அதன் காதல் அத்தனையும் அந்த நாலு முதுகுகளின் மேல் விழுகிறது. சேவல் மிதித்து மிதித்து இறகு உதிர்ந்து, தோல் தெரியும் முதுகோடு திரியும் கோழிகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காவலில் சுயநலம் கலந்திருக்கிறதே என்று சேவலைப் பழிக்க எனக்கு மனமில்லை. சம்பளத்துக்கு வரும் காவற்காரனும் காவற்காரன்தான். சுயநலத்தோடு கொடுத்த எச்சரிக்கையானாலும் அதைக் கேட்டு ஒதுங்கிய கோழி பிழைத்தது உண்மை. ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது கோழி. நன்மையைப் பற்றிப் பேசும்போது நாம் சேவலின் கொண்டையைப் பார்க்கிறோமே தவிர, கோழியின் முதுகைப் பார்ப்பதில்லை.

‘பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியும்?’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. சேவல் கூவியும் பொழுது விடிவதில்லை! ஜப்பானில் 2013-இல் நடந்த ஆராய்ச்சியில், வெளிச்சமே மாறாத அறையில் அடைத்த சேவல்களும் தங்கள் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின்படியே கூவின. சூரியன் வரட்டும் என்று அவை காத்திருக்கவில்லை. ஆனாலும் முருகனின் கொடியில் சேவலுக்கு இடம் கிடைத்தது. பெட்டைக்குப் பஞ்சாரம் கிடைத்தது. இத்தனைக்கும் குஞ்சைத் தூக்கப் பருந்து இறங்கும்போது சிலிர்த்துக்கொண்டு எதிரே பாய்வது தாய்க்கோழிதான். சேவல் இல்லாத கூட்டத்திலும் மூத்த கோழி ஒன்று நிமிர்ந்து நின்று காவல் பார்ப்பதுண்டு; சமயத்தில் கூவுவதும் உண்டு.

இந்த ஏற்பாடு ஆண் குலத்துக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல். பத்துக் கோழிக்கு ஒன்று போதும் என்றால் மற்ற ஒன்பது எங்கே போகும்? சில குழம்புச் சட்டிக்கு, சில சாமிக்கு, சில சேவற்கட்டுக்கு. முட்டைக் கோழிப் பொரிப்பகங்களில் சேவல் குஞ்சுகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. ஜெர்மனி அதை 2022 முதல் சட்டத்தால் தடை செய்தது. ராஜ்யம் ஒருவனுக்கு, கத்தி ஒன்பது பேருக்கு.

இப்போது குப்பையின் அடியில் கிடந்தது வெளியே வருகிறது. ‘வீட்டுக்கு ஓர் ஆண் துணை வேண்டும்’ என்று நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கணவனை இழந்த பெண் குழந்தைகளோடு தனிக் குடித்தனம் இருக்கிறாள். சம்பாதிக்கிறாள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். உறவினர்கள் கூடிப் பேசி, வேலையில்லாத ஒரு தம்பியையோ, அதிகாரம் செய்யும் ஒரு மைத்துனனையோ ‘துணைக்கு’ என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். அவன் வந்ததில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் வாசற்கதவு தட்டப்பட்டால் அவன் குரல் கொடுப்பான். ஆனால் அவன் சாப்பாட்டுச் செலவு யாருடையது, அவன் கோபத்துக்கு யார் பயந்து நடக்கிறார்கள், அவன் வந்தபின் அவள் வெளியே போக எத்தனை பேரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது? இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

ஆக, கொல்லைக்குச் சேவல் வேண்டுமா? இடம் திறந்த வெளியாக இருந்து, பத்துக் கோழிகளும் இருந்து, சேவலும் சாதுவாக இருந்தால் வைத்துக் கொள்ளலாம். நல்ல வேலியும் கீரி நுழையாத கூடும் இருந்தால் சேவல் இல்லாமலும் கோழிகள் சுகமாக இருக்கும். எது சரி என்பதற்கு அடிக்கடி கோழிகளின் முதுகைப் பார்க்க வேண்டும். கோழியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு வேறு வழியில்லை.

மனிதர்களுக்கு வாய் இருக்கிறது. துணை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிப்பட்ட துணை என்று அந்தப் பெண்ணையே கேட்டுவிடலாம். நாம்தான் இன்னும் கேட்கவில்லை.