லோங்காங்கும் உரிமையும்

கம்போங் மேடானில் லோங்காங் அடைச்சுக்கிட்டா யாரைக் கேட்பது? பெட்டாலிங் ஜெயா மாநகராட்சியின் கவுன்சிலரை. அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில அரசு நியமிக்கிறது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் அதை மீண்டும் நடத்தச் சொன்னது. 1976-இல் வந்த சட்டம் ஒரேயடியாகக் கதவைச் சாத்தியது.

'தேர்தல் வந்தா இனச்சண்டை வரும்' என்பார்கள். 2001 மார்ச்சில் இங்கே ஆறு பேர் செத்தார்கள். அப்போது எந்த ஊராட்சித் தேர்தல் இருந்தது?

நம்ம ஆட்களுக்கு வேறொரு பயம்: ஓட்டுப் பெட்டி வந்தால் எண்ணிக்கையில் சிறியவன் தோற்பானே? அந்தப் பயம் பொய்யில்லை. கலிபோர்னியாவில் மக்களே நேராகச் சட்டத்துக்கு ஓட்டுப் போடலாம். 1994-இல் 'முன்மொழிவு 187' வந்தபோது, ஆவணமில்லாத குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை மறுக்கப் பெரும்பான்மை ஓட்டளித்தது. நீதிமன்றம்தான் தடுத்தது.

ஆக, எதன் மேல் ஓட்டு என்பதுதான் கேள்வி. ஒருவன் பிள்ளை பள்ளிக்குப் போகலாமா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரன் கை தூக்கி முடிவு செய்யக் கூடாது. ஆனால் லோங்காங்கும் மதிப்பீட்டு வரியும் எங்கள் இருவருக்கும் பொது. அதில் நான் தோற்கலாம். அடுத்த தேர்தலில் மறுபடி கேட்கலாம். நியமனத்தில் அந்த 'அடுத்த முறை' கிடையாது. அவனுக்குப் பயந்து இரண்டு பேர் ஓட்டையும் மூன்றாமவன் கையில் கொடுத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியலை.